வெளி மேக் பெட்ரோல் ஃப்ளோட்: ஓம் பார்த்து வாங்கினால் தேறும்

பைக் மீட்டரில் பெட்ரோல் முள் செத்துக் கிடந்தால், உடனே மீட்டரை மாற்றச் சொல்வார்கள். முதலில் டேங்கிலிருந்து வரும் ஒயர் இணைப்பான கப்ளரைக் கழற்றி, ஃப்ளோட் (டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவைக் காட்டும் யூனிட்) பக்கத்து இரண்டு ஒயர்களில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். டேங்கில் எவ்வளவு இருந்தாலும் சுற்று திறந்தே, அதாவது இணைப்பு அறுந்ததாகவே காட்டினால் பழுது ஃப்ளோட்டில்தான்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெளி மேக் யூனிட், அதாவது வண்டிக் கம்பெனி அல்லாத வேறு தயாரிப்பு, மோசமில்லை. ஆனால் வடிவம் பொருந்தினால் போதாது, ஓம் (மின்தடை அளவு) பொருந்த வேண்டும். பல வண்டிகளில் காலியில் 100 ஓம் அருகிலும் நிறைவில் 10 ஓம் அருகிலும் இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். கடையிலேயே கையால் மிதவையைத் தூக்கி இறக்கி அளந்துவிடுங்கள். அளவு நடுவில் துள்ளினால் வேண்டாம்.

இதன் பலவீனம் கேஸ்கெட், அதாவது டேங்கில் பொருத்தும் இடத்தை அடைக்கும் ரப்பர். கூட வரும் ரப்பர் பெட்ரோலில் ஊதிக் கசியும். அதை மட்டும் கம்பெனி பாகமாக வாங்குவது நல்லது. நட்டுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டேங்கைக் காலி செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே வேலை.

பழைய யூனிட்டின் மிதவைக்குள் பெட்ரோல் புகாமல், உள்ளே காண்டாக்ட் உரசி நகரும் மின்தடைத் தடம் கறுத்திருப்பது மட்டுமே குறை என்றால், காண்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷும் போதும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், தடமே போய்விடும்.