விருந்தினர் வரும் நாட்களுக்காக ஒரு கம்பித் தடுப்புக் கதவு: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

அழைப்பு மணி ஒலித்த மறுகணமே வாசலுக்குப் பாய்ந்து, வருகிறவரின் மார்பில் முன்னங்கால்களை ஊன்றி வரவேற்பது எங்கள் நாயின் வழக்கம். அறைக்குள் பூட்டினால் கதவைப் பிறாண்டியபடி ஓயாமல் குரைக்கும். கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்தினாலோ, இழுக்க இழுக்க அதன் வேகம்தான் கூடும். வேறு வழி தோன்றாமல், கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே பொருத்தும் கம்பித் தடுப்புக் கதவொன்றை வாங்கினோம்.

சுவரில் துளையிடாமல், நான்கு மூலைகளிலும் உள்ள திருகுகளை முறுக்கி, ரப்பர் வட்டுகளின் அழுத்தத்தால் நிற்க வைக்கும் வகை இது; உயரம் 76 செ.மீ. பொருத்துவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆயினும் நாய் மோத மோதத் திருகுகள் தளர்வதால், யாராவது வருவதாக இருந்தால் முன்னதாகவே இறுக்கிவிடுகிறேன். மாடிப்படியின் மேல்முனையில் இவ்வகையை ஒருபோதும் பொருத்தக் கூடாது. அங்கே சுவரில் திருகாணியால் பிணைக்கும் வகையே பாதுகாப்பானது.

மறைக்காமல் தடுக்கிறது என்பதே இக்கதவின் சிறப்பு. வந்தவரை நாயால் பார்க்கவும் முகரவும் முடிகிறது; மேலே விழ முடிவதில்லை. ஆனால் முதல் சில வாரங்கள் அது கம்பியைப் பற்றி எழுந்து நின்று கூடத்தையே அதிர வைத்தது. அது வேண்டுவது நம் கவனத்தை என்பதால், அதட்டுவதும் தள்ளிவிடுவதும்கூட அதற்குப் பரிசாகவே அமைகின்றன என்பதைப் புரிந்துகொண்ட பிறகு, நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டுமே அதன் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்தோம். விருந்தினர் வருமுன் நீண்ட நடை, பிறகு கதவுக்குப் பின்னால் தீனி அடைத்த ரப்பர் பொம்மை என்று பழக்கியதில், நக்குவதிலும் மெல்லுவதிலும் அதன் பரபரப்பு அடங்கியது. நாயைவிட விருந்தினரைப் பழக்குவதுதான் கடினமாக இருந்தது. "எனக்கு நாய் என்றால் உயிர், திறந்து விடுங்கள்" என்பவர் பல நாள் பயிற்சியை ஒரே நிமிடத்தில் கலைத்துவிடுவார்.

கம்பிகளுக்கு இடையே குழந்தைகளின் கை எளிதாக நுழைகிறது. ஆகவே சிறுவர்கள் வந்தால் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். நாய் உதட்டை நக்கினாலோ, உறக்கமின்றியே கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ, அது சங்கடப்படுகிறது என்று பொருள்; வால் ஆடினாலும் அதை உள்ளே கொண்டுபோய்விடுவதே நல்லது.

குறைகளும் உண்டு. கதவின் கீழ்ச்சட்டம் தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால், இருவர் தடுக்கி விழப் பார்த்தனர். இப்போது பளிச்சென்ற நாடா ஒட்டியிருக்கிறேன். தாழ்ப்பாளைத் தூக்கிக்கொண்டே இழுக்க வேண்டியிருப்பதால் தட்டும் கையுமாகத் திறக்க இயலாது. அது மூடும்போது எழும் 'டக்' ஓசை, தூங்கும் நாயைக்கூட எழுப்பிவிடுகிறது. எதிர்பாராத நன்மை ஒன்று: விருந்தினரின் கைப்பைகள் இப்போது நாய்க்கு எட்டுவதில்லை. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் நாய்களுக்கு நஞ்சு என்பதால், இது எனக்குப் பெரிய நிம்மதி.

பூனைக்கு இக்கதவு வெறும் வேடிக்கைப் பொருள். எங்கள் பூனை முதல் நாளே தாண்டிவிட்டது. உண்மையில் அதற்குத் தேவை தடுப்பு அல்ல, ஒளிவிடம். மணல் தட்டு, தண்ணீர், ஓர் அட்டைப் பெட்டி ஆகியவற்றை வைத்துப் படுக்கையறையைச் சாத்திவிட்டால் அது நிம்மதியாக இருக்கிறது. பூனை ஒவ்வாமை உள்ளவருக்கு மட்டும் இந்த ஏற்பாடும் பயன்படாது. எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம் நுண்தூசியோடு சோபாவில் ஏற்கெனவே படிந்திருக்கும். அத்தகையவரை அழைக்கும்போதே சொல்லிவிடுகிறோம்.

சிறிய, நடுத்தர நாய்கள் உள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெரிய நாய் வளர்ப்பவர்கள் இந்த உயரத்தை நம்பாமல், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள, சுவரில் பிணைக்கும் கதவையே வாங்கட்டும்.