பிட்ட வலிக்குக் கைச்சிகிச்சை: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் இயன்மருத்துவ நிலையம்

பிட்டத்தின் வலப்பக்கத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை இழுக்கும் வலி என்றால், யாழ்ப்பாணத்தில் முதலில் நினைவுக்கு வருபவர் முறிவு நெரிவு வைத்தியர்தான். எண்ணெய் பூசிக் கட்டுப் போடும் அந்தக் கைப்பக்குவத்தில் எனக்கு மதிப்புண்டு. ஆயினும் விழாமலும் சுளுக்காமலும் வந்த வலி என்பதால், பலாலி வீதியை அண்டியுள்ள ஒரு தனியார் இயன்மருத்துவ (பிசியோதெரபி) நிலையத்துக்குச் சென்றேன். குறைகளும் சொல்லவேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

என்னைக் கவர்ந்தது, கை வைப்பதற்கு முன்னர் நடந்த பரிசோதனை. கவட்டுப் பகுதியில் விறைப்பு உண்டா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்பதே முதற் கேள்வி. அப்படி இருந்தால் இங்கே மினக்கெடாமல் உடனே போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்றார் இயன்மருத்துவர். பின்னர் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்தினார். 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் பாதம் வரை வலி ஓடினால், முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் விலகி நரம்பு வேரை அழுத்துகிறதோ என்று சந்தேகிக்க இடமுண்டாம். எனக்கு அப்படி ஓடவில்லை. பக்கவாட்டில் திரும்பியதும் பிட்டத்தின் நடுவே பெருவிரலை ஊன்றினார். அதே வலி அப்படியே கிளம்பியது. அங்கே ஆழத்தில் இருப்பது பிரிபோர்மிஸ் என்னும் தசை. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும், உடலிலேயே தடித்த நரம்பாகிய சயாட்டிக் நரம்பு பெரும்பாலானோருக்கு அதன் கீழாகத்தான் செல்கிறது.

சிகிச்சை ஆரவாரமற்றது. முழங்கையால் அந்த இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தார்; பிறகு என் முழங்காலின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்து, “இப்ப என்ரை கையைத் தள்ளுங்கோ, பலமாய் வேண்டாம்” என்றார். சில நொடி தள்ளி, மூச்சை விட்டுத் தளர்த்தியதும், கால் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக மடங்கியது. கையை இடம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் என் சம்மதத்தைக் கேட்டார். இடுப்புப் பகுதியில் இது மரியாதைக்கான சடங்கன்று, அவசியம்.

“இடுப்புப் பூட்டு விலகிவிட்டது” என்று அயலில் சொன்னதைக் கூறினேன். முள்ளந்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் அந்த மூட்டு சில பாகைகளே அசையும், அது விலகியதென்றும் கையால் தள்ளிப் பொருத்தலாமென்றும் நம்பவேண்டாம் என்று மறுத்தார். கைச்சிகிச்சையின் சுகம் தற்காலிகமானது, மிச்சத்தை வீட்டுப் பயிற்சிதான் செய்யவேண்டும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். தனியார் நிலையத்தில் இப்படிக் கேட்பது அபூர்வம். வலி முற்றாகப் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரி வரை நிறுத்தாமல் போக முடிகிறது.

குறைகள் சிறியவையல்ல. கட்டில்களைப் பிரிப்பது ஒரு மெல்லிய திரை. மின்விசிறி சுழன்றால் அது விலகுகிறது. பெண் இயன்மருத்துவர் காலையில் மட்டுமே இருப்பதால் முன்கூட்டியே கேட்டுப் பதியவேண்டும். முதல்நாள் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் என்பதைக் காசு கட்டும்போதுதான் சொன்னார்கள். பயிற்சித் தாளோ முழுவதும் ஆங்கிலத்தில். என் அம்மாவின் வயதினர் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, படத்தைப் பார்த்துச் செய்யலாம் என்றே பதில் வந்தது.