கும்பகோணத்துப் பட்டறையில் செய்த பக்கவாட்டுச் சைலன்ஸர்: சத்தம் குறைந்தது, இழுவை குறையவில்லை

பாகம் பாகமாகக் கட்டிய சிறு ஸ்போர்ட்ஸ் காருக்கு, எஞ்சினின் இழுவையைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைத்துத் தரும் கைகள் காவிரிப் படுகையில் உண்டா என்று கேட்பவர்களுக்கு, கும்பகோணத்துக்கும் தாராசுரத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு பட்டறையை நான் தயங்காமல் சொல்வேன். அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. டிராக்டருக்கும் கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கும் சைலன்ஸர் கட்டுகிற இடம் என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள். குறைகளும் இருக்கின்றன; அவற்றையும் எழுதுகிறேன்.

என் கார், 1957இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட செவன் என்ற சிறு ஸ்போர்ட்ஸ் காரின் வடிவத்தைப் பின்பற்றி, சதுரக் குழாய்ச் சட்டத்தின் மீது கட்டப்பட்டது. அந்த மூலக் காரைத் தயாரிக்கும் உரிமை 1973இல் கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்துக்குச் சென்றது. என்னுடையதில் இருப்பது ஜிப்சியில் வந்த 1298 சிசி நான்கு சிலிண்டர் மாருதி எஞ்சின். வகை ஒப்புதல், அதாவது சாலையில் ஓட்டத் தகுந்த மாதிரி என்ற சான்று, இல்லாத கார் என்பதால் அதைப் பொதுச் சாலையில் ஓட்டுவதில்லை. எங்கள் தென்னந்தோப்பின் உட்பாதையிலும், லாரியில் ஏற்றிச் சென்று கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் மட்டுமே ஓட்டுகிறேன். மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கிய தளம் அது. உள்ளூர்ப் பட்டறையை நம்பிப் பந்தயக் கார் கட்டலாம் என்று நம் பக்கத்தில் செய்து காட்டியவர் அவர் என்பதால், அங்கே என் காரை இறக்கும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

தோப்புக்குள் ஓடும் காருக்குச் சத்தக் குறைப்பு எதற்கு என்று கேட்கலாம். தோப்பைச் சுற்றி வயல். சம்பா பருவத்தில் நீர் கட்டி நிற்கும் வயல், ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகிறது. விடியற்காலையில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேற்காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே வருகிறது. மேடோ மலையோ இல்லாத இந்தச் சமவெளியில் எஞ்சின் சத்தம் அடுத்த ஊரின் திண்ணை வரை போய்விடும். அங்கே குழந்தைகளும் முதியவர்களும் உறங்குகிறார்கள்; என் விருப்பத்துக்காக அவர்கள் உறக்கம் கலையக் கூடாது.

பழைய சைலன்ஸர் எளிய வகை: துளையிட்ட 2 அங்குலக் குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதன் மேல் ஓர் உறை. இந்த வகை கூர்மையான, கிறீச்சிடும் ஒலியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தாழ்ந்த உறுமலை ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும். காரணம் அலைநீளத்தில் இருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வெடிப்பதால், நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் 100 ஹெர்ட்ஸ் ஒலி பிறக்கிறது. சுமார் 300 டிகிரி சூட்டில் புகைக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் வேகத்தில் செல்வதால், அந்த அலையின் நீளம் கிட்டத்தட்ட 5 மீட்டர். ஒன்றரை அங்குலப் பஞ்சு அதை என்ன செய்துவிட முடியும்? 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை கால் மீட்டர்தான். அதற்கு அந்தப் பஞ்சு போதும். பின்புறம் வரை நீண்டு செல்லும் சாதாரண காரின் குழாயில் இரண்டு மூன்று பெட்டிகள் வைக்க இடம் இருக்கிறது. என் காரில் இருப்பதுபோல் கதவோரமாக ஓடி, பின் சக்கரத்துக்கு முன்பே முடிந்துவிடும் பக்கவாட்டுக் குழாயில் அந்த இடம் கிடையாது.

நான் முதலில் அணுகிய வேறொரு கடையில், குழாயின் வாய்க்குள் ஒரு தடுப்புத் தகட்டைச் செருகிவிட்டால் போதும் என்றார்கள். அப்படிச் செய்தால் சத்தம் குறையும், ஆனால் புகை வெளியேற வழியின்றி எஞ்சின் மேல் சுழற்சியில் திணறும். தாராசுரத்துப் பட்டறைக்காரர் இதற்கு நேர்மாறாக, வழியைச் சுருக்காமல் விரித்தார். 2 அங்குலக் குழாய் 5 அங்குல உருளைக்குள் திடீரென்று விரியும்போது குறுக்குப் பரப்பு ஆறு மடங்காகிறது. அந்த மாற்றத்தில் ஒலி அலையின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. கணக்குப்படி இந்த விகிதத்துக்கு அதிகபட்சம் 10 டெசிபல் குறைய வேண்டும். எந்தச் சுழற்சியில் அந்த உச்சம் கிடைக்கும் என்பதை அந்த உருளை அறையின் நீளம் தீர்மானிக்கிறது. அவர் வைத்த 60 சென்டிமீட்டர் நீளம் 200 ஹெர்ட்ஸுக்கு, அதாவது 6000 சுழற்சிக்குப் பொருந்துகிறது. இந்த அறைக்குப் பிறகு ஒரு குட்டையான பஞ்சுப் பகுதி வருகிறது. அதில் துளைக் குழாயை ஒட்டி எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பிப் பஞ்சை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சைத் திணித்திருக்கிறார். கம்பிப் பஞ்சு இல்லாவிட்டால் புகையின் வேகம் இழைகளைத் துளை வழியே பிய்த்துக்கொண்டு போய்விடும். கடைசி மூடியை வெல்டு வைத்து அடைக்காமல் போல்டு வைத்து முடுக்கியிருப்பதால், பஞ்சு தேய்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதை நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

இத்தனைக்குப் பிறகும் 3500 சுழற்சியை ஒட்டி ஒரு மந்தமான முழக்கம் காதை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவர் செய்த வேலைதான் இந்தப் பட்டறையை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. முதன்மைக் குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாயைப் பிரித்து, முனையை அடைத்து, காரின் அடிச்சட்டத்தை ஒட்டி ஓடவிட்டார். கிளைக்குள் போன அலை, மூடிய முனையில் மோதித் திரும்பி வரும்போது, புதிதாக வரும் அலைக்கு எதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு சேரும்படி, இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்குக் கிளையின் நீளம் அலையின் கால் பங்காக இருக்க வேண்டும். திமிரியைவிடப் பாரி நாதஸ்வரம் நீளமாக இருப்பதால் சுருதி தாழ்ந்து ஒலிப்பதை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. குழாயின் நீளமே ஒலியைத் தீர்மானிக்கிறது என்ற அதே விதிதான் இங்கும் வேலை செய்கிறது. 3500 சுழற்சியின் 117 ஹெர்ட்ஸுக்குக் கணக்குப்படி 1 மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆனால் கிளைக்குள் புகை ஓடாமல் தேங்கி நிற்பதால் அது குளிர்ந்திருக்கும். குளிர்ந்த வாயுவில் ஒலியின் வேகம் குறையும். எனவே தேவையான நீளமும் குறையும். எவ்வளவு குறையும் என்பதை ஊகிக்காமல், முனையில் நகர்த்தக்கூடிய ஓர் அடைப்பானை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, முழக்கம் அடங்கிய இடத்தில் குறி போட்டு, அங்கேயே வெட்டி மூடினார். நீளம் 90 சென்டிமீட்டரில் நின்றது. காது கொடுத்துக் கேட்டு அளக்கும் இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சத்தத்தை, நிற்கும் வண்டியின் ஒலியை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 5130 சொல்லும் முறையைப் பின்பற்றி, குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரிக் கோணத்தில், 4500 சுழற்சியில் அளந்தேன். கருவி கைபேசிச் செயலிதான். எனவே அது காட்டிய எண்ணைவிட முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாட்டையே கணக்கில் எடுக்க வேண்டும். அந்த வேறுபாடு ஏறத்தாழ 9 டெசிபல். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும் என்பதால், இது பெரிய மாற்றம். பந்தயத் தளத்தின் நேர்ப்பாதையில் எஞ்சின் முன்பு எட்டிய சுழற்சியை இப்போதும் எட்டுகிறது.

கட்டுமானத்துக்கு வருகிறேன். எஸ்எஸ் 304 தகடு, ஆர்கான் வெல்டிங். 1.2 மீட்டர் நீளமுள்ள எஸ்எஸ் குழாய் 400 டிகிரி சூடேறினால் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இருமுனையையும் இறுக்கிக் கட்டினால் பிராக்கெட்டிலோ, எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுவரும் வளைகுழாயான பெண்டு பைப்பின் இணைப்பிலோ விரிசல் விழும். அவர் முன்முனையில் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இணைப்பும், பின்முனையில் ரப்பர் தொங்கலும் வைத்திருக்கிறார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. தோப்புக்குள் குறுகிய ஓட்டம் ஓடும் காரில் அது குழாயிலேயே குளிர்ந்து தேங்கும் என்பதால், தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் வடிதுளையும் போட்டிருக்கிறார். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் வாழ்பவர்கள் செலவு பார்க்காமல் எஸ்எஸ்ஸையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண இரும்பு அங்கே தாங்காது.

இனிக் குறைகள். வெளிப்பக்க வெல்டு அழகாக இருந்தாலும், முதலில் செய்த பெண்டுகளின் உட்பக்கம் கருகி முள் முள்ளாக இருந்தது. எஸ்எஸ் குழாயை இணைக்கும்போது, சூடான உலோகத்தில் காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயுவை உள்ளேயும் நிரப்பாவிட்டால் இப்படித்தான் ஆகும். சுட்டிக்காட்டியதும் மறுப்பேதும் சொல்லாமல் வெட்டி மறுபடி செய்தார், கூலி கேட்கவில்லை. குழாய்களைப் போல்டால் இணைக்கும் தட்டான ஃபிளேஞ்ச் மெல்லியதாக இருந்ததால் வெல்டு சூட்டில் வளைந்து, கேஸ்கெட் வழியே புகை கசிந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. 10 மில்லிமீட்டர் தகட்டில் புதிதாக வெட்டி, லேத்தில் முகம் சமன் செய்த பிறகே அது நின்றது. சூட்டுத் தடுப்பு உறையைக் கேட்டால்தான் செய்கிறார். காரில் ஏறி இறங்குபவரின் கெண்டைக்கால் அந்தக் குழாயை ஒட்டிப் போவதால், அது கேட்காமலே தரப்பட வேண்டிய பொருள். மதிப்பீட்டை எழுதித் தரும் வழக்கமும் அவரிடம் இல்லை.

சாலையில் ஓடும் பதிவு பெற்ற வண்டிக்கு இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 120ஆம் விதி சைலன்ஸரைக் கட்டாயமாக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. ஒலித் தர மீறலுக்கு 190(2)ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். புல்லட்டின் சைலன்ஸரை அறுத்துச் சத்தத்தைக் கூட்டித் தரச் சொன்ன இளைஞர் ஒருவரை இந்தப் பட்டறைக்காரர் என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார். அது எனக்கு நிறைவாக இருந்தது.

தகடு, குழாய், ஆர்கான், கூலி எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. கையால் கணக்கிட்டு, கேட்டுத் திருத்திச் செய்த வேலைக்கு இது நியாயமான தொகை. காலத்தை மட்டும் நம்ப முடியாது. "அறுப்பு வண்டி ஒண்ணு நிக்குது தம்பி, விவசாயி காத்துக்கிட்டிருக்காரு, உங்க வேலை அடுத்த வாரம்" என்று தள்ளிக்கொண்டே போனார். அவரிடம் வரிசை அப்படித்தான், அதில் தவறும் இல்லை. குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசி, ஐப்பசியையும், சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியையும் தவிர்த்துவிட்டு, பங்குனிக்கும் ஆனிக்கும் இடைப்பட்ட மாதங்களில் காரைக் கொண்டுபோய் விடுங்கள். வரைபடம் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சூட்டு உறையையும் உட்பக்க ஆர்கானையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.