ஒரே டிரெய்லர், இரண்டு டிரக்குகள்: பாரம் இழுத்த எட்டு ஆண்டு அனுபவம்

வேலைத் தளங்களுக்குக் கருவிகளைக் கொண்டு செல்வதற்காக எட்டு ஆண்டுகளாக ஒரு மூடிய டிரெய்லரை இழுத்து வருகிறேன். ஜெனரேட்டர், வெல்டிங் இயந்திரம், ஏர் கம்ப்ரெசர், கேபிள் சுருள்கள் ஆகிய அனைத்தையும் ஏற்றிய பிறகு அந்த இரட்டை அச்சு டிரெய்லர் எடைமேடையில் 3,400 கிலோ காட்டும். முதல் இரண்டு ஆண்டுகள் பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஒரு பிக்கப்பும், அதன்பின் ஆறு ஆண்டுகள் அதைவிட ஒரு படி பெரிய டீசல் டிரக்கும் அதை இழுத்தன. டிரெய்லரும் சுமையும் மாறாமல் டிரக் மட்டும் மாறியதால், எந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதை என்னால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. பாரமான டிரெய்லருக்கு வண்டி தேடுபவர்களுக்கு இந்த ஒப்பீடு பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதல் பிக்கப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அதன் விளம்பரத் தாளில் இருந்த 4,000 கிலோ இழுவைத் திறன். என் டிரெய்லர் 3,400 கிலோ என்பதால் 600 கிலோ கையிருப்பு உண்டு என்று கணக்குப் போட்டேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு சீட்டை அன்று நான் படிக்கவில்லை. பயணிகளும் சரக்கும் சேர்ந்து 640 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. டிரெய்லர் கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் இந்த 640 கிலோவுக்குள்தான் அடங்க வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உருண்டைக் கொக்கியில் மாட்டும் டிரெய்லர் நிலையாக ஓட வேண்டுமானால், அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது பிக்கப் டிரக்குகளுக்கான பொது விதி. என் டிரெய்லருக்கு 12.5 விழுக்காடு என்று வைத்தால் அது 425 கிலோ. கொக்கியும் அதன் துணைக் கருவிகளும் 40 கிலோ, நானும் உதவியாளர்கள் இருவரும் சேர்ந்து 230 கிலோ, பின் தொட்டியில் கிடக்கும் கருவிப் பெட்டியும் தார்ப்பாயும் 90 கிலோ. கூட்டினால் 785 கிலோ. அதாவது, இழுவைத் திறனில் 600 கிலோ மிச்சம் இருந்த அதே வண்டி, தூக்கும் திறனில் 145 கிலோ அதிகச் சுமையோடு இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கிறது. பின் ஸ்பிரிங்குகள் தாழ்ந்து, இரவில் எதிரே வருபவர்கள் என் முகப்பு விளக்கு கண்ணைக் கூசுவதாக விளக்கை அணைத்து அணைத்துக் காட்டியபோதெல்லாம், விளக்கின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணைப் பொய் என்று நான் சொல்லவில்லை. வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்.ஏ.இ. 2008இல் வெளியிட்ட ஜே2807 என்ற தரநிலை, அந்த எண்ணைக் கணக்கிடும் முறையை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து தொடங்கும் சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தை, 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழுமையாக இயக்கியபடி வண்டி ஏற வேண்டும். பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டும் கொண்ட பிக்கப் வகைகள் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. கடினமான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே. மூன்றாவது ஆளும் கருவிப் பெட்டியும் ஏறிய கணத்திலேயே அந்த எண் நமக்குரியதாக இல்லாமல் போகிறது. ஆகவே டிரக் பார்க்கப் போகும் எவரும், குறிப்பிட்ட அந்த வண்டியின் கதவோரச் சீட்டைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே மாடலில்கூட, கூரைக் கண்ணாடி, நான்கு சக்கர இயக்கம், பெரிய கேபின் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர அந்தச் சீட்டின் எண் குறைந்துகொண்டே வரும். விற்பனையாளர் ஒருவர் எனக்கு வேறொரு வண்டியின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். அருகே நின்ற வண்டியின் சீட்டில் அதைவிட 150 கிலோ குறைவாக இருந்தது.

எடைமேடைக்குப் போகும் பழக்கம் எனக்கு முதல் வண்டியின் இரண்டாம் ஆண்டில்தான் வந்தது. ஆட்களோடும் சாமான்களோடும் டிரக்கை மட்டும் நிறுத்தி முன் அச்சை எடை போட்டபோது 1,420 கிலோ இருந்தது. டிரெய்லரை மாட்டியதும் அது 1,260 கிலோவாக இறங்கியது. கொக்கி பின் அச்சுக்கு வெளியே இருப்பதால் அதன் மேல் விழும் எடை நெம்புகோல் போலச் செயல்பட்டு முன் சக்கரங்களைத் தூக்குகிறது. வண்டியைத் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெரும் பங்கு வகிப்பதும் முன் சக்கரங்கள்தாம் என்பதால், அந்த 160 கிலோ இழப்பை நான் மழை நாட்களில் ஸ்டீயரிங்கில் உணர்ந்திருந்தேன். காரணம் மட்டும் தெரியாமல் இருந்தது. எடையைப் பகிரும் ஸ்பிரிங் தண்டுகள் கொண்ட கொக்கியைப் பொருத்தி, அந்தத் தண்டுகளை மாட்டும் சங்கிலியின் கண்ணிகளை மாற்றி மாற்றி எடை போட்டுப் பார்த்து முன் அச்சை 1,370 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். இழந்த எடையில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறுபடும், கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஸ்பிரிங் தண்டுகள் எடையை இடம் மாற்றித் தருமே தவிர, டிரக்கின் சுமை வரம்பை ஒரு கிலோகூட உயர்த்தித் தருவதில்லை.

அந்தக் காலத்தில்தான் டிரெய்லர் ஆட்டத்தையும் அனுபவித்தேன். இறக்குவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு நாள் ஜெனரேட்டரைப் பின்கதவை ஒட்டி ஏற்றினோம். பாரம் டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போனதால் கொக்கியின் மேல் இறங்கும் எடை குறைந்துபோனது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பெரிய பேருந்து எங்களைக் கடந்தபோது அதன் காற்று டிரெய்லரின் பக்கவாட்டில் மோத, டிரெய்லர் இடமும் வலமுமாக வீசத் தொடங்கி, ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகியது. கால் தானாகவே பிரேக்கைத் தேடும். ஆனால் டிரக்கின் பிரேக்கை அழுத்தினால் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளி, வண்டி குறுக்கே மடங்கும் ஆபத்து கூடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் கைநெம்புகோலை மெதுவாக அழுத்தியதில் அது அடங்கியது. உதவியாளர் ஒருவர் அதன்பின் பல மாதங்கள் முன் இருக்கையில் உட்கார மறுத்துவிட்டார். இந்த அனுபவத்தால்தான், தனிக் கைநெம்புகோலுடன் கூடிய டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும் டிரக்கை அடுத்த முறை தேடினேன்.

இரண்டாவது டிரக்கின் சீட்டில் 1,350 கிலோ இருந்தது. அதே 785 கிலோவை ஏற்றியும் 565 கிலோ மிச்சம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 3.7 மீட்டரிலிருந்து 4.05 மீட்டராகக் கூடியிருந்தது. நீளமான வண்டியை டிரெய்லரால் எளிதில் அசைக்க முடியாது. கனமான பின் அச்சும், பக்கச் சுவர் விறைப்பான டிரக் வகை டயர்களும் அந்த நிலைத்தன்மைக்குத் துணை நிற்கின்றன. ஆறு ஆண்டுகளில் பேருந்துகள் கடக்கும்போது ஒரு சிறு தள்ளலை உணர்ந்திருக்கிறேன். வீச்சு ஒருமுறைகூட வந்ததில்லை.

இரண்டு வண்டிகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இறக்கத்தில்தான் தெரிந்தது. பழைய பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து ஏறத்தாழ 6,100 கிலோ. அந்த எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது ஏறத்தாழ 30 மெகாஜூல் ஆற்றலை எங்கேனும் கழித்தாக வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அது. காற்றும் டயர் உராய்வும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டாலும், எஞ்சின் பிடித்து நிறுத்தாத மீதி முழுவதும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகவே இறங்கும். பழைய வண்டியில் நீண்ட இறக்கங்களின் அடிவாரத்தில் கருகல் வாசனை வரும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகும். கியரை இறக்கம் தொடங்கிய பிறகு குறைத்தது என் தவறு. உச்சியிலேயே, வேகம் கூடுவதற்கு முன்பே குறைத்திருக்க வேண்டும். புதிய டீசல் டிரக்கில், டர்போவின் இதழ்களை மூடிப் புகைபோக்கி வழியை நெருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. டீசல் எஞ்சினில் காற்றுவழியை அடைக்கும் திராட்டில் பெட்ரோல் எஞ்சினில் வேலை செய்வதுபோல் செய்வதில்லை. அதனால் வெறும் கியரை மட்டும் நம்பினால் பிடிமானம் போதாது. டீசல் வாங்குபவர்கள் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறதா என்று அவசியம் கேட்க வேண்டும். இன்று அதே இறக்கங்களில் பெடலைத் தொடுவது இரண்டு மூன்று முறைதான். 1,40,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் முன் பிரேக் பட்டைகளை ஒரே ஒருமுறை மாற்றியிருக்கிறேன்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 விழுக்காடு சக்தியை இழக்கும் என்பதால் மலைப்பகுதியில் அது மூச்சிரைத்தது. கியர்பெட்டி எண்ணெயின் வெப்பம் ஒரு கோடை ஏற்றத்தில் 118 டிகிரியைத் தொட்டது. டீசலில் அதே ஏற்றத்தில் 96 டிகிரிக்கு மேல் நான் பார்த்ததில்லை. மெதுவாக ஏறுவதில் ஆபத்து குறைவு, சற்று நேரம்தான் போகும். நிற்க முடியாத வண்டியோடு அதை ஒப்பிடவே கூடாது.

பெரிய டிரக்கின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். டிரெய்லர் இல்லாமல் ஓட்டும்போது பின்பக்கம் விறைப்பாகக் குதிக்கும். நீண்ட நாள் முதுகுவலி உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் வெறும் வண்டியாக மேடு பள்ளமான சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். குறுகிய தெருக்களில் திருப்புவது கடினம். மூன்றாம் ஆண்டில் சில மாதங்கள் வேலை அருகிலேயே அமைந்து தினமும் குறைந்த தூரமே ஓடியதால், புகை வடிகட்டி கரியை எரித்துத் தீர்க்க வாய்ப்பின்றி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் பாரத்தோடு ஓட்டியதும் சரியானது. மாதத்தில் ஓரிரு முறை மட்டும் டிரெய்லரை இழுத்து, மற்ற நாட்களில் அருகிலேயே சுற்றுபவர்களுக்கு, சுமைத்திறன் அதிகமுள்ள பெட்ரோல் டிரக்கே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டில் டிரெய்லர் டயர் ஒன்று வெடித்தது. மெல்லிய கசிவால் காற்று குறைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை; இரட்டை அச்சு என்பதால் பக்கத்து டயர் தாங்கியது. அன்று முதல் டிரெய்லர் சக்கரங்களிலும் காற்றழுத்தக் காட்டியைப் பொருத்தி, புறப்படுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தைப் பார்க்கிறேன்.

இந்த ஆண்டு பழைய ஜெனரேட்டருக்குப் பதிலாக அதைவிட 260 கிலோ கூடுதலான ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. டிரக்கால் முடியும், ஆனால் டிரெய்லரின் சொந்த எடை வரம்பு 3,500 கிலோ. எனவே 180 கிலோ கம்ப்ரெசரை டிரெய்லரிலிருந்து இறக்கி டிரக்கின் தொட்டிக்கு மாற்றினோம். டிரெய்லர் 3,480 கிலோவில் நின்றது. டிரக்கின் மேல் மொத்தச் சுமை 975 கிலோ ஆனது, வரம்பு 1,350. போன வாரம் எடைமேடையில் பின் அச்சைத் தனியாக நிறுத்திப் பார்த்தேன்: 2,360 கிலோ, சீட்டில் உள்ள வரம்பு 2,900. மேடைக்காரர் தந்த ரசீதைப் பழைய ரசீதுகளோடு சேர்த்து டிரக்கின் முன் பெட்டியில் வைத்துவிட்டு அன்றைய வேலைக்குப் புறப்பட்டோம்.