கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தரும் கம்பத்துக் கடை: கொடுக்கலாமா?

கம்பம்மெட்டு ரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் பாதியைத் தடுத்து வைத்துக்கொண்டு, பழைய கேசட்டுகளை பென்டிரைவில் ஏற்றித் தருகிறார்கள். போர்டெல்லாம் கிடையாது, விசாரித்துத்தான் போக வேண்டும். கேசட் ஒன்றுக்கு 200 ரூபாய், பூஞ்சை பிடித்திருந்தால் 50 சேர்த்து. தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

பாட்டெல்லாம் போனிலேயே கிடக்கிறதே, இதுக்கு எதுக்கு 200 ரூபாய் என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். கம்பெனி கேசட் என்றால் நானும் கொடுத்திருக்க மாட்டேன். நான் கொண்டுபோனது ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்தவை, அந்த வரிசை எந்த ஆப்பிலும் கிடைக்காது.

1992-இல் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பறித்த காயை உலர்த்தும் ஸ்டோரில் ராத்திரி முழுக்க அடுப்பு எரிய வேண்டும், சூடு கூடிப்போனால் காயின் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலை போகாது, அதனால் விறகு போடுபவரோடு நானும் முழித்திருப்பேன். துணைக்கு ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன். ஆட்களில் பாதிப்பேர் கம்பம், கூடலூர்ப் பக்கத்துத் தமிழர்கள், பாதிப்பேர் மலையாளிகள், எந்தக் கேசட்டைப் போடுவது என்பதில் தினமும் பஞ்சாயத்து. அந்த வருஷம் ஏ.ஆர். ரகுமான் இசையில் 'ரோஜா' வந்தது. இளையராஜாவின் சொந்த ஊரான பண்ணைப்புரம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்க்காரர்களிடம் போய் ராஜாவைத் தவிர இன்னொருத்தரும் இருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். எனக்குப் பிடித்திருந்தது, அதை வெளியே சொல்லவே கொஞ்ச நாள் ஆனது! அதே வருஷம் மலையாளத்தில் மோகன்லாலின் 'யோதா'வுக்கும் ரகுமான்தான் இசை என்றதும் மலையாளிப் பையன்கள் என் பக்கம் வந்துவிட்டார்கள், ஆக ஸ்டோரில் முதல் தடவையாக மொழி பார்க்காமல் இரண்டு கட்சி.

சமாதானத்துக்குத்தான் குமுளியில் ஒரு தொண்ணூறு நிமிஷ கேசட்டில் பாதி தமிழ், பாதி மலையாளமாகப் பதிந்து வாங்கினோம். லிஸ்ட் போட்டதில் ஒரு விஷயம் எல்லாருக்கும் பிடித்துப்போனது. 'ஓளங்ஙள்' என்ற மலையாளப் படத்தில் ஜானகியம்மா பாடும் 'தும்பீ வா', தமிழ் 'ஆட்டோ ராஜா'வில் வரும் 'சங்கத்தில் பாடாத கவிதை', இரண்டும் 1982, இரண்டும் ராஜாவின் ஒரே மெட்டு. அதை அடுத்தடுத்து வைத்தோம். எதை முதலில் வைப்பது என்பதற்கு நடந்த சண்டையைத் தனியாக எழுத வேண்டும்.

இப்போது கடைக்கு வருகிறேன். வேலை தெரிந்த மனுஷன், அதில் சந்தேகமில்லை. மலை மேல் ஈரத்தில் கிடந்த டேப், ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சை, டேப்பிலிருந்து சத்தத்தை எடுக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும், அதனால் முதலில் துடைத்தெடுக்கிறார். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால் வேறு ஒட்டுகிறார். ஸ்க்ரூ போட்ட கேசட்டைக் கழற்றலாம், ஒட்டி வரும் கேசட் என்றால் உடைத்து, உள்ளிருக்கும் டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றுகிறார். தொண்ணூறு நிமிஷ டேப் அறுபதைவிட மெல்லிசு, சீக்கிரம் சிக்கும் என்பதால் வேகமாகச் சுற்றவே விடுவதில்லை, ப்ளேயிலேயே ஓட்டுகிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. ஒவ்வொரு கேசட்டுக்கும் பாட்டை ஓடவிட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஹெட்டின் சாய்வைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்கிறார். பதிந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் கேட்டால்தான் ஜால்ரா, சலங்கை மாதிரி மேல் சத்தங்கள் கிடைக்கும், இல்லையென்றால் எல்லாம் மங்கலாக இருக்கும். டேப் தேய்ந்துபோச்சு என்று நாம் நினைப்பதில் பாதி இந்தக் கோளாறுதான். 1986-இல் வந்த ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டிலிருந்து நண்பன் ஒருவன் எனக்குப் பதிந்து கொடுத்த நகலில் நரசிம்மனின் வயலின் இவ்வளவு கூராக இருக்கும் என்று இந்தக் கடையில்தான் கேட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன நாளில் தர மாட்டார், 'நாளைக்கு வாங்கண்ணே' என்பது அவருக்கு ஒரு வணக்கம் மாதிரி. நீங்களாகக் கேட்காவிட்டால் 128 கேபிபிஎஸ் எம்பி3-ஆக, சத்தத்தைச் சுருக்கிப் போட்டுக் கொடுத்துவிடுவார். சுருக்காத வேவ் ஃபைல் கேளுங்கள், தொண்ணூறு நிமிஷத்துக்குச் சுமார் 900 எம்பி வரும், அவ்வளவுதான், இந்தக் காலத்தில் அது ஒரு இடமா? அப்புறம் முக்கியமாக, 'இரைச்சலை எடுத்துத் தர்றேன்' என்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பு மதுரையில் ஒரு இடத்தில் அப்படிச் செய்து கொடுத்தார்கள், ஜானகியம்மா தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பாடுவது போல வந்தது. டேப்பின் 'ஸ்ஸ்' சத்தம் போனால் அதோடு குரலின் ஓரமும் போகும்.

பாட்டு பாட்டாக வெட்டித் தரவும் சொல்லாதீர்கள், ஒரு பக்கத்தை ஒரே ஃபைலாக வாங்குங்கள். கடையில் இருக்கும் தம்பி எனக்குப் போன் போட்டு, 'அண்ணே, ஒரே பாட்டு ரெண்டு தடவை வருது, ஒண்ணைத் தூக்கிடவா?' என்றான். நல்லவேளை கேட்டான்! எங்கள் கேசட்டின் இரண்டாம் பக்கம் ஒரு பாட்டின் நடுச் சரணத்தில் 'டொக்' என்று நின்றுவிடும், நாற்பத்தைந்து நிமிஷம் அதோடு சரி. அதைக்கூட முழுசு இல்லை என்று தூக்கப் பார்த்தான். இன்றைக்கும் அந்தப் பாட்டு பஸ்ஸில் முழுசாக ஓடினால், அந்த இடம் தாண்டியதும் எனக்கு அது யாருடைய பாட்டோ ஆகிவிடுகிறது, ஸ்டோரில் நாங்கள் எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பிப்போட்ட இடம் அது.

விலையைப் பற்றி முனகுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதிகமாகத் தெரியவில்லை, கேசட் ஓடுகிற நேரம் முழுக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அதைச் சீக்கிரம் முடிக்க வழியே கிடையாது. பெட்டி நிறையக் கொண்டுபோனால் கொஞ்சம் குறைக்கிறார். ஐந்துக்கு நாலு தருவேன், போன ஒன்று நாள் கடத்தியதற்கு.

குமுளி, நெடுங்கண்டம் பக்கமிருந்து வருகிறவர்கள் கார்த்திகை, மார்கழியைத் தவிர்த்துவிடுங்கள். ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்கள் வண்டி, கடையிலோ யேசுதாஸின் தரங்கிணி கம்பெனி போட்ட பழைய ஐயப்பன் பாட்டுக் கேசட்டுகளோடு வருகிறவர்கள் கூட்டம், அந்த இரண்டு மாசமும் அவர்களுக்குத்தான் முதலில்.