மாலையா, அலாரமா, பால் கேனா?

தைப்பூசத்துக்கு ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் பழனிக்கு நடந்து செல்பவர்களில் பலர், அதற்கு முந்தைய வாரங்களில் குடியையும் புகையிலையையும் தொடுவதில்லை. மற்ற மாதங்களில் வீட்டார் எவ்வளவு சொன்னாலும் கேட்காதவர்களும் இவர்களில் உண்டு. நல்ல பழக்கம் வேண்டுமென்றால் விரதம்போல் இறங்கிவிட வேண்டும் என்று கொங்கு வீடுகளில் சொல்வது இதனால்தான். வேறு இரண்டு வழிகளும் இருக்கின்றன: கடிகாரத்தை நம்புவது ஒன்று, ஏற்கெனவே தவறாமல் செய்யும் வேலையோடு புதியதைக் கோத்துவிடுவது இன்னொன்று.

விரதத்தைக் காப்பது மன உறுதி மட்டுமல்ல. கழுத்தில் மாலை கிடக்கிறது, ஊரே ‘சாமி’ என்று அழைக்கிறது, வீட்டில் கவிச்சி சமைப்பதில்லை, கூட்டாளி பாட்டிலை நீட்டுவதில்லை. சுற்றிலும் வேலி. மாலையைக் கழற்றிய மறுநாள் அந்த வேலி மொத்தமாகப் போய்விடுகிறது. ஒரு கெட்ட பழக்கத்தை நிறுத்தத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஒரு நல்ல பழக்கத்தைக் காலமெல்லாம் தொடர இது போதாது.

கோவை ரேஸ்கோர்ஸில் விடியற்காலையில் நடக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கு அலாரம் பொருந்தும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திரும்பும் டெய்லருக்கு அது அடிக்கும், அவர் அணைப்பார், அவ்வளவுதான்.

மாடு வைத்திருக்கும் வீட்டில் கறவைக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. காலையிலும் மாலையிலும் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போய், பாலை ஊற்றி, அளவைக் குறித்து வாங்கித் திரும்ப வேண்டும். காலிக் கேனைக் கழுவிக் கவிழ்த்ததும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பது என்று வைத்துக்கொண்டால், யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. புத்தகம் மட்டும் திண்ணையிலேயே இருக்க வேண்டும். பீரோவிலிருந்து எடுத்துவர உள்ளே போனால், வழியில் தொலைக்காட்சி இருக்கிறது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்தி, 2010இல் இதழில் அச்சான ஆய்விலும் இதே முறைதான்: காலை உணவுக்குப் பின் என்பதுபோல், அன்றாடம் நடக்கும் ஒன்றோடு ஒரு சிறு செயலைச் சேர்த்துக்கொண்டார்கள். அது தன்னியல்பாக வருவதற்குப் பொதுவாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை ஆகலாம் என்பது அவர்களின் கணக்கு. 48 நாளில், ஒரு மண்டலத்தில், எல்லாம் படிந்துவிடும் என்று இருப்பவர்கள் கவனிக்கவும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்றும் அந்த ஆய்வு கண்டது. விரதத்தில் ஒரு நாள் தவறினால் விரதமே முறிந்துவிட்டதாகக் கருதி விட்டுவிடுகிறோம். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே என் ஓட்டு கேனுக்கு.

மாடு இல்லாதவர்களுக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் பெரும்பாலும் சனிக்கிழமை. பணம் கைக்கு வந்ததும், கம்பெனி வாசலைத் தாண்டும் முன்பே சேமிப்புக்கு 100 ரூபாயைத் தனியே எடுத்துவிடலாம். மளிகைக் கடைக்குப் போய்வந்து மிச்சத்தைச் சேர்க்கலாம் என்றால் மிச்சம் இருக்காது. ஆர்டர் குறைந்த வாரத்திலும் எடுக்க முடிகிற தொகையாக இருக்கட்டும். 500 என்று வீராப்பாகத் தொடங்க வேண்டாம்.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் சோளத்தட்டு விலை ஏறி மாட்டை விற்க நேர்ந்தால், கேனோடு படிப்பும் போய்விடும். மாடு சந்தைக்குப் போகும் வாரத்திலேயே படிப்பைத் தோட்டத்தில் மோட்டார் போடும் நேரத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.