பாப்பா கையில் பிழைத்த கேமரா

எங்கள் பாப்பாவுக்கு முதலில் ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு பூனைக்காது வைத்த ஒரு குழந்தைகள் கேமரா வாங்கினோம், பெட்டியில் 40 மெகாபிக்சல் என்று போட்டிருந்தது, குட்டி சென்சார் எடுத்த படத்தை சாஃப்ட்வேர் இழுத்துப் பெரிதாக்குகிற கணக்குதான் அது. மாமியார் முகம் மழையில் கரைந்த கோலம் மாதிரி வந்தது. இரண்டே மாதத்தில் சார்ஜர் சொருகும் இடம் ஆடிப்போச்சு.

அப்புறம் மெட்ரோ பிடித்து டெல்லி சாந்தினி சௌக்கில் இருக்கும் கூச்சா சௌத்ரிக்குப் போனேன். சந்து முழுக்க கேமரா கடைகள். பேரம் பேசி 5,500 ரூபாய்க்குப் பழைய நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ100 வாங்கினேன். 13.2 மெகாபிக்சல்தான், ஆனால் நிஜமானது. 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்கிறது கம்பெனி. எங்கள் ஆர்.கே.புரம் வீட்டு மாடிப்படியில் இரண்டு முறை உருண்டது, மூலையில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

10 மீட்டர் தண்ணீரும் தாங்குமாம். ஆனால் பழையது வாங்குகிறவர்கள் பேட்டரி மூடியைத் திறந்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பரைத் தடவிப் பாருங்கள், என்னுடையதில் லேசாக வெடிப்பு, அதனால் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வருகிறது. 8 வயசுப் பாப்பாவுக்கு அது பெரிய குறையா என்ன? முதல் நாளே 214 படம், பாதி சீலிங் ஃபேன்.